அடுப்போரம் வைத்த சிவப்பு வைன்

சிவப்பு வைனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால் பங்கு, தேயிலைத் தொழிற்சாலையில் எச்சில் கோப்பை கழுவிக் கற்றுக்கொண்டது. மீதிக் கால் பங்கு ஒரு பாட்டிலைக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பெண் வைனைப் பற்றி எழுதுகிறாளா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். நான் அதை ஊற்றிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். குடிக்கவும் செய்கிறேன்.

பள்ளியை விட்டதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. கொழுந்து கிள்ளும்போது அம்மா சரிவில் விழுந்து இடுப்பு எலும்பு விலகியது. அக்கா அம்மாவுக்குப் பதிலாக மலைக்குப் போனாள். நான் வீட்டில் சோறு பொங்கினேன். பதினெட்டு முடிந்ததும் தொழிற்சாலையில் தரை கூட்டும் வேலை கிடைத்தது. சில மாதங்களில் ருசி பார்க்கிற அறைக்கு மாற்றினார்கள்.

தொழிற்சாலையின் பொறுப்பாளரை டீ மேக்கர் என்பார்கள். தினமும் காலை பத்து மணிக்கு அவர் முன்னால் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். முந்தின நாள் தயாரான ஒவ்வொரு ரகத் தூளுக்கும் ஒரு கோப்பை. கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, மூடி, கடிகாரம் பார்த்து இறுத்து வைப்பது என் வேலை. பால் கிடையாது, சீனி கிடையாது. அவர் கரண்டியால் அள்ளி, அறை அதிர உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றிவிட்டுத் துப்புவார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். எழுத்தர் எழுதிக்கொள்வார்.

எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. அவர்கள் போன பிறகு, கழுவுவதற்கு முன், அதே கோப்பைகளில் நானும் உறிஞ்சிப் பார்ப்பேன். அவர் சொன்ன வார்த்தையை என் நாக்கில் தேடுவேன். 'பாடி' என்று அவர் சொன்னது வாயில் உட்காருகிற கனம் என்று பல நாள் கழித்துப் புரிந்தது. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்பதும் அப்படித்தான் புரிந்தது. பாகற்காயையும் வாழைப்பூவையும் மென்று பாருங்கள். ஒன்று அடிநாக்கில் போய்த் தங்கும். மற்றது ஈறையும் கன்னத்தையும் பிடித்து இழுத்துக் காயவைக்கும். நல்ல தேநீரில் துவர்ப்பு பிடித்துவிட்டு விட்டுவிடும். மட்டமான தேநீரில் விடாது.

ஒரு நாள் எழுத்தர் பார்த்துவிட்டார். எச்சில் கோப்பையில் வாய் வைக்கிறாள் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். மறுநாள் கூட்டுகிற வேலைக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கினேன்.

அதன் பிறகு ஓரிடத்தில் நிலையாக இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டினேன். மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் ஒரு கரும்புப் பருவம் முழுக்கச் சக்கை அள்ளினேன். கம்பத்தில் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டினேன். அங்கே கூட வேலை செய்த பெண்களோடு ஒரு வேனில் ஏறி, பெங்களூருக்கு அப்பால் வைன் செய்கிற ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று அறுவடை அங்கே இருந்தேன்.

கறுப்புத் திராட்சையைப் பிதுக்கினால் சாறு வெளிறிப்போய்த்தான் வரும். நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது. சிவப்பு வைனுக்குத் தோல், கொட்டை எல்லாவற்றையும் சாற்றோடு தொட்டியில் ஊறப் போடுவார்கள். நொதிக்கத் தொடங்கியதும் தோல் மேலே வந்து மெத்தை போல மிதக்கும். அதை நீளக் கட்டையால் அடியில் அழுத்திவிடுவது எங்கள் வேலை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. தொட்டிமேல் குனிந்து மூச்சு இழுத்தால், நொதிக்கும்போது கிளம்புகிற வாயுவில் தலை சுற்றும். ஒருத்தி மயங்கி விழுந்தாள். பிறகுதான் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். கையும் முழங்காலும் ஊதா நிறமாகி, ஒரு மாதத்துக்குப் போகாது.

தினமும் தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து நக்கிப் பார்ப்பேன். முதல் நாள் வெல்லப்பாகு. மூன்றாம் நாள் பாதி இனிப்பு. பத்து நாளில் இனிப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. சர்க்கரை எல்லாம் சாராயமாகிவிட்டிருக்கும். பெயர்ச்சீட்டில் 'டிரை' என்று போட்டிருப்பது அதைத்தான். இனிப்பு தீர்ந்த வைன். அதில் மிஞ்சுவது புளிப்பு, துவர்ப்பு, வாசனை, சூடு. இனிப்பு இருக்கும்வரை மற்ற நான்கும் அதன் முந்தானையில் ஒளிந்துகொள்ளும். அது போனதும் ஒவ்வொன்றும் முகம் காட்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்காமல் போவது இயற்கை. இங்கே வைன் என்றால் கிறிஸ்துமஸுக்குப் பட்டை, கிராம்பு, கிலோக் கணக்கில் சீனி போட்டு ஜாடியில் ஊறவைக்கிற இனிப்புத் தண்ணீர். அதைக் குடித்துப் பழகிய வாயில் இதை ஊற்றினால் கெட்டுப்போனது என்றுதான் நினைப்பார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது என் வயது நாற்பதுக்குப் பக்கம். எங்கள் மலையிலேயே இருந்த பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை, பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையோரம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் வாங்கி ரிசார்ட் ஆக்கியிருந்தார். அவர்தான் எங்கள் முதலாளி. பீர், வைன் விற்க லைசென்ஸ் இருந்தது. நான் லாண்டரியில் படுக்கை விரிப்பு துவைக்கச் சேர்ந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு அறையில் தக்கையை உடைத்துவிட்டு மேனேஜர் திண்டாடிக்கொண்டிருந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய், மிச்சத் தக்கையை எடுத்து, மோந்து பார்த்து, இது நல்ல பாட்டில்தான் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். ஈரச் சாக்கு நாற்றமும் காடி நாற்றமும் இல்லை என்றேன். அடுத்த வாரமே என்னைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றினார். நான்கு சிவப்பு, இரண்டு வெள்ளை. எதற்கு எதைக் கொடுப்பது என்பது என் பொறுப்பு.

மேனேஜர் நல்ல மனிதர். ஹோட்டல் படிப்பு படித்தவர், என்னை விடப் பத்து வயது இளையவர், என்னைச் சேச்சி என்று கூப்பிடுவார். அவரிடம் இருந்த ஒரே தொல்லை, படித்ததை அப்படியே நம்புவார். "சேச்சி, ரெட் வைன் ரூம் டெம்பரேச்சர்ல தான் கொடுக்கணும். புக்ல உண்டு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

யாருடைய ரூம் என்று புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. டிசம்பரில் எங்கள் பங்களாவின் கல் அறையில் காலையில் பன்னிரண்டு டிகிரிதான் இருக்கும். பகலிலும் பெரிதாக ஏறாது. அந்தக் குளிரில் பாட்டிலை எடுத்து நேராக ஊற்றினால் வாசனை எழும்பாது. துவர்ப்பு மட்டும் ஆணி அடித்தது போல் நிற்கும். வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார்கள். கசக்கிறது என்றார்கள். அது கசப்பு இல்லை, துவர்ப்பு என்று நான் வாதாட முடியுமா?

இங்கேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். எங்கள் மலையில் வளர்ந்த யாரும் செய்திருக்கக்கூடிய தவறு. லயத்தில் தேங்காய் எண்ணெய் வருஷத்தில் பாதி நாள் உறைந்துதான் கிடக்கும். தலை சீவுவதற்குக் கால் மணி முன்னால் பாட்டிலை அடுப்போரம் வைப்பது எல்லா வீட்டிலும் பழக்கம். குளிர்ந்த பாட்டிலைப் பார்த்தால் எங்கள் கை தானாக அடுப்பைத் தேடிப் போகும். நானும் ரிசார்ட் சமையலறைக்குப் பின்னால், வெந்நீருக்காக விறகு எரியும் பாய்லர் பக்கத்தில், மதியச் சாப்பாட்டுக்குக் கேட்டிருந்த ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். பத்து நிமிஷம் என்று நினைத்தேன். அன்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

தக்கை ஒரு விரலளவு வெளியே தள்ளியிருந்தது. கழுத்தில் சிவப்பாகக் கசிந்திருந்தது. அப்போதே அதைக் கீழே ஊற்றியிருக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்து, ஆறவிட்டு, கொண்டுபோய் ஊற்றினேன். வயதான தம்பதி. அந்த அம்மாள் முதலில் மோந்து பார்த்தார். கிளாஸைக் கணவர் பக்கம் தள்ளினார். அவர் மேனேஜரைக் கூப்பிட்டு, வைனை யாராவது வேகவைத்தீர்களா என்று கேட்டார். ஆமாம், நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். வேறு பாட்டில் கொடுத்தோம். ஆனால் போகும்போது விருந்தினர் நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள், முதலாளி படித்துவிட்டார்.

பங்குனி மாதம் ரிசார்ட்டுக்கு வந்தபோது, அவர் அதே சிவப்பு வைனில் இரண்டு பாட்டிலைத் தன் ஊருக்கு எடுத்துப் போனார். சித்திரையில் போன் வந்தது.

"அம்மணி, அந்த ரெண்டுல ஒண்ணைய நானும் மச்சானும் தொறந்து பாத்தோம். கஷாயமாட்ட இருக்குது. இதைய ஆரு குடிப்பாங்க? இருக்கற பொட்டியெல்லாம் திருப்பி அனுப்பிப் போடு. இனிமே இனிப்பு வைன் போதும். அதைய ஊத்தறதுக்குத் தனியா ஆளு எதுக்கு? ஒண்ணாந் தேதியிலிருந்து நீ லாண்டரியைப் பாத்துக்க."

கோப்பை அறையிலிருந்து கூட்டுகிற வேலைக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். அன்று கிளம்பிவிட்டேன். இந்தத் தடவை கிளம்புவதாக இல்லை. வைனை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். பரண் மேலே என்றார். அவர் ஊரில் சித்திரை மாதம், ஓட்டுக்கு அடியில் பரண். பாய்லர் பக்கம் நான் ஒன்றரை மணி நேரம் வைத்ததை அவர் ஒரு மாதம் வைத்திருக்கிறார். புதன்கிழமை லீவு போட்டு அங்கே வருகிறேன், ஒரு தடவை என் கையால் ஊற்றித் தருகிறேன், அப்புறம் லாண்டரிக்குப் போகச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். வா என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா இன்னும் கொழுந்து கிள்ளுகிறாள். என் பையில் ஈரச் சாக்கு சுற்றிய இரண்டு பாட்டிலைப் பார்த்ததும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, நம்ம அப்பா குடிச்சே செத்தது உனக்குப் பத்தலையாக்கும்? பைப்படியில தண்ணி பிடிக்கப் போனா, உன் தங்கச்சி சாராயம் ஊத்துதாளாமேன்னு கேக்காளுவ. நான் என்னத்தச் சொல்ல?"

அப்பா குடித்தது உண்மை. குடல் வெந்து செத்ததும் உண்மை. நான் ஊற்றுவதும் சாராயம்தான், திராட்சையில் வந்தது என்பதால் அது மருந்தாகிவிடாது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள். நான் ருசி பார்ப்பதில் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள் சோற்றோடு ஒரு கிளாஸ் குடிக்கிறேன். அளவு தாண்டினால் எனக்கும் அப்பா கதிதான், அதுவும் தெரியும். இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "துப்புததுக்குச் சம்பளம் தாரானா? நல்ல முதலாளிதான்" என்றாள். போகாதே என்று மட்டும் சொல்லவில்லை.

கோட்டயம் போய், அங்கிருந்து திருச்சூர், பாலக்காடு. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் சாக்கை நனைத்துக்கொண்டேன். கடைசி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பையில் இருப்பது மீனோ என்று கேட்டார். ஆமாம் என்றேன். இறங்கியபோது தார் ரோடு செருப்பில் ஒட்டியது.

முதலாளி வீட்டுக் கூடத்தில் அவரும் அவர் மனைவியும் மனைவியின் தம்பியும் இருந்தார்கள். தம்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாராயத்துக்கு டீச்சரம்மா வந்திருக்கறாங்க, மச்சான். நோட்டுப் புஸ்தகம் எடுத்துக்கலாங்களா?" என்றார். நான் பையை இறக்கிவிட்டு, பரண் மேலிருக்கும் மற்றப் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். கையில் வாங்கியபோது வெதுவெதுவென்று இருந்தது.

என் பாட்டிலை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்றேன். முதலாளியின் மனைவி எழுந்து பிரிட்ஜ் முன்னால் போய் நின்றுகொண்டார். "பாலு, தயிரு, சாமிக்கு வெக்கற பூவு எல்லாம் இதுலதான் இருக்குது. பக்கத்துல அதைய வெக்க நான் உடமாட்டேன் அம்மணி. ஐஸ் வேணும்னா தாறேன்" என்றார். சரி, ஐஸ் போதும் என்றேன். ஒரு வாளி கொடுத்தார். அதிலும் பழைய வாளியாகப் பார்த்துக் கொடுத்தார். தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டுப் பாட்டிலைக் கழுத்துவரை இறக்கி, தூணோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

புத்தகமும் இல்லை, பக்கத்தில் பாய்லரும் இல்லை. வெப்பமானி வாங்கவும் நேரம் இருக்கவில்லை. எனக்கு இருந்தது கை மட்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாட்டிலை எடுத்து உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தேன். ஜில்லென்று சுட்டால் பீருக்குரிய குளிர், அது அதிகம். தொட்டால் ஒன்றுமே தெரியவில்லை என்றால் உடம்புச் சூடு வந்துவிட்டது, அதுவும் ஆகாது. ஓடைத் தண்ணீரில் கழுவி எடுத்த கொய்யாப்பழம் கையில் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும். கால் மணி தாண்டியதும் எடுத்துத் துடைத்தேன்.

சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி வறுவலும் நாட்டுக்கோழிக் குழம்பும் இருந்தன. வறுவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், குழம்பை அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஏன் என்று தம்பி கேட்டார். டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு எப்படி அடங்குகிறதோ, கறியின் கொழுப்பில் இதன் துவர்ப்பு அப்படி அடங்கும். மிளகாய்க் காரம் நேர் எதிர், துவர்ப்பையும் சாராயச் சூட்டையும் தூக்கி நிறுத்தும். காரக் குழம்போடு குடித்தே ஆக வேண்டும் என்றால் தோல் குறைவாக ஊறிய, இலேசான சிவப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே கிளாஸைப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரிகிற மாதிரியானது. இது விரல் தெரியாதது, அதனால் வறுவல். இதை நான் சொன்னபோது தம்பி கிளாஸுக்குப் பின்னால் தன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பாட்டிலையும் ஊற்றினேன். பரண் பாட்டில் இடது பக்கம், என்னுடையது வலது பக்கம். முதலாளி இடதைக் குடித்து முகத்தைச் சுழித்தார். வலதைக் குடித்தார். ஒரு துண்டு கறியை வாயில் போட்டு, மறுபடி வலதைக் குடித்தார். தம்பி இடது கிளாஸைத் தொடவே இல்லை.

அந்த அம்மா குடிக்கவில்லை. ஆனால் மேசைப் பக்கம் வந்து, கணவரின் இரண்டு கிளாஸையும் ஒவ்வொன்றாக எடுத்து மோந்தார்.

"இது வெய்யல்ல வெச்சு மறந்து போன ஊறுகாத் தண்ணியாட்ட இருக்குது. இது நாவப்பழமாட்ட இருக்குது. ரெண்டும் வேற வேறயா?"

"ஒரே பெட்டிம்மா."

"பின்ன என்னங்க. பாலைப் பரண் மேல வெச்சுட்டு மாட்டைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்குது நீங்க சொன்னது" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு ரசம் எடுக்க உள்ளே போய்விட்டார். நாவற்பழம் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. நாக்கை ஊதாவாக்கி, ஈறைப் பிடித்து இழுக்கிற பழம். இன்று வரை தமிழ் பேசுகிற விருந்தாளிகளுக்கு இந்த வைனை அந்த வார்த்தையால்தான் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முதலாளி கையைக் கழுவிக்கொண்டு வந்து, சரி, சிவப்பு வைன் இருக்கட்டும் என்றார். கல் அறையிலேயே வைக்கலாம், வெப்பமானி வாங்கலாம். எதை வாங்குவது என்று நான் சொன்னால் போதும். ஆனால் மேசைப் பக்கம் நின்று பேசுவது மேனேஜராக இருக்கட்டும். நான் பின்னால் நின்று பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் போதும். வருகிறவர்கள் பெரிய இடத்து ஆட்கள், படித்தவன் சொன்னால்தான் கேட்பார்கள் என்றார்.

தம்பி சேர்ந்துகொண்டார். "எட்டாங் கிளாசு சொல்லி ஆருங்க மச்சான் கேக்கப் போறாங்க?"

இவ்வளவு நேரமும் எட்டாங் கிளாசு சொன்னதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார், விரலைக் கிளாஸுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. நான் முதலாளியைப் பார்த்துச் சொன்னேன்.

"மொதலாளி, பாட்டிலைப் பாய்லர் பக்கம் வச்சுக் கெடுத்தது நான்தான்னு அன்னைக்கு மேசை முன்னால நின்னு ஒத்துக்கிட்டது நான். தப்புக்கு முன்னால நிக்க நான் வேணும்னா, நல்லதுக்கும் நான்தான் நிப்பேன். சொல்லுறதும் ஊத்துறதும் நான். அது முடியாதுன்னா லாண்டரிக்கே போறேன், எனக்குத் துணி துவைக்கத் தெரியும். ஆனா பெறவு அந்தப் பாட்டில் நல்லாருக்கா கெட்டுப்போச்சான்னு என்னட்ட யாரும் வந்து கேக்கப்பிடாது."

அவர் வலது கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடித்தார். நாற்பது வயதில் மறுபடி பை தூக்க வேண்டியிருந்தால் எந்தப் பக்கம் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"செரி, ஒரு மாசம் பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு மாதம் முடிந்து இரண்டு சித்திரை கடந்துவிட்டது. முடிந்ததா என்று அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இப்போது கல் அறையில் சுவரோடு ஒரு வெப்பமானி தொங்குகிறது. குளிர்காலத்தில் பாட்டிலை ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பாட்டு அறையின் மேசைக்கு நகர்த்திவிடுகிறேன். அவசரம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம், கையை எடுக்காமல். பாய்லர் பக்கம் போவதில்லை. பெயர்ச்சீட்டில் உள்ள வருஷத்தைப் பார்த்து வாங்குகிறேன். நாங்கள் வாங்குகிற விலையில் உள்ள உள்ளூர்ச் சிவப்பு மூன்று நான்கு வருஷத்துக்குமேல் வைத்தால் நன்றாவதில்லை, சோர்ந்துதான் போகிறது. சாராயச் சதவீதம் பதினான்குக்கு மேல் போட்டிருந்தால் நம் காரத்துக்கு ஆகாது. கண்ணாடி கனமாக இருக்கிறது, பாட்டிலின் அடியில் குழி ஆழம் என்பதெல்லாம் கண்ணாடிக்காரனின் திறமை. திருகு மூடியைக் கேவலமாக நினைக்க வேண்டாம், ஈரச் சாக்கு நாற்றம் அதில் வருவது அபூர்வம். இனிப்பு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இனிப்பு வைனையே கொடுக்கிறேன். பிடித்ததைக் குடிக்க வெட்கப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அக்காவுக்குப் போன பொங்கலுக்கு ஒரு சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். டீ மேக்கர் போல உறிஞ்சிக் காட்டினேன். அவளும் உறிஞ்சினாள். "பால் ஊத்தாத கட்டன் சாயாவ ஆறவச்சிட்டு, சீனி போட மறந்துட்டாளுவ" என்றாள். மிச்சத்தைத் தொடவில்லை. பைப்படியில் இப்போதும் கேட்கிறார்களாம். என் தங்கச்சிக்கு வாய் இருக்கு, அவகிட்டயே கேளுங்க என்று சொல்லிவிடுகிறாளாம்.

போன மாதம் மதியச் சாப்பாட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். கிளாஸ் வைத்து, என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டேன். நடுவில் இருந்தவர் என்னை ஏறிட்டுப் பார்க்காமலே, வைன் தெரிந்த யாரையாவது கூப்பிடு என்றார். நான் நகரவில்லை. மேனேஜர் அடுத்த மேசையில் இருந்தார். அவர் திரும்பி, "வைனுக்கு எங்கள்ட சேச்சிதான் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

நடுவில் இருந்தவர் கறி வறுவல் என்றார். நான் விரல் தெரியாததைத் திறந்தேன். தக்கையை மோந்து மேசையில் வைத்து, அவர் கிளாஸில் கொஞ்சம் ஊற்றினேன். குடித்தார். காலியான கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

ஊற்றினேன்.